கட்டணம் கட்டியது நாங்கள், படத்துக்குக் காசு வாங்கியது அவர்கள்

உணவு ஒளிப்படமும் உணவு எழுத்தும் கற்று அதையே பிழைப்பாக்கிக்கொள்ள நினைப்பவர்கள், குறிப்பாக வெளியூரிலிருந்து சென்னைக்கு வந்து பெருந்தொகை கட்டிச் சேரவிருப்பவர்கள், பணத்தைக் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். வழக்கு நிலுவையில் இருப்பதால், நான் பணம் கட்டிப் படித்த பயிற்சி நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. பெயர்ப் பலகையை மாற்றிக்கொள்ள ஒரு நாள் போதும் என்பதால், பெயரைவிட அவர்கள் செய்யும் முறையைத் தெரிந்துகொள்வதே உங்களுக்குப் பயன்படும்.

காரைக்குடியில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான், 3 ஆண்டுச் சேமிப்பை எடுத்துக்கொண்டு 2023 ஜூனில் 6 மாத டிப்ளமோவில் சேர்ந்தேன். கட்டணம் 72,000 ரூபாய்; அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 12,960; ஆக மொத்தம் 84,960. ஒளிப்படத்துக்கு 24 வகுப்புகள், எழுத்துக்கு 12 வகுப்புகள், சமையலறையோடு கூடிய ஸ்டூடியோ, முடிவில் 3 மாதம் சம்பளத்துடன் பயிற்சிப் பணி என்று கையேட்டில் அச்சிட்டிருந்தார்கள். அட்டையில் ‘அரசுப் பதிவு பெற்றது’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தப் பதிவு உத்யம் பதிவு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சிறு தொழில் நடத்தும் எவரும் தம் விவரங்களைத் தாமே இணையத்தில் நிரப்பிக் கட்டணமின்றிப் பெறக்கூடிய பதிவு அது. மாவு மில்லும் அதைப் பெறலாம், பாடத்திட்டத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கணக்கு எழுதியவளாயிற்றே, ரசீதையாவது ஒழுங்காகப் பார்த்திருக்க வேண்டும். 12,960 ரூபாயை வரி என்று எழுதி வாங்கியிருந்த ரசீதில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை. 15 எழுத்தும் எண்ணும் கொண்ட அந்த எண், தமிழ்நாட்டு நிறுவனமாக இருந்தால் 33 என்று தொடங்கும்; ஜிஎஸ்டி இணையதளத்தில் இட்டுப் பார்த்தால் யாருடையது என்று உடனே தெரிந்துவிடும். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் வரி என்ற பெயரில் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. கேட்டபோதெல்லாம் “நாளைக்குத் தருகிறோம்மா” என்றார்கள்.

ஸ்டூடியோ என்பது வாடகை வீட்டின் முன்னறை. 22 பேருக்கு ஒரே கேமரா, ஒரே 50 மி.மீ. லென்ஸ். முதல் வாரம் இட்லியைப் படமெடுத்தோம். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமும் மஞ்சள் பல்பு மறுபக்கமும் விழ, வெள்ளை இட்லியின் ஒரு பாதி நீலம் பாரித்தும் மறுபாதி மஞ்சள் காமாலை கண்டதுபோலவும் வந்தது. பல்பை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிர்ப்புறம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினாலே அந்தக் குறை தீர்ந்துவிடும் என்பதை நான் வெகு நாட்கள் கழித்து, ஒரு திருமண ஒளிப்படக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். எங்கள் பயிற்றுநரோ “கம்ப்யூட்டரில் சரிசெய்துகொள்ளலாம்” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியோடு வெளியே போய்விட்டார்.

மூன்றாம் மாதத்திலிருந்து வகுப்புகள் நின்று, ‘களப் பயிற்சி’ என்ற பெயரில் 4 பேர் கொண்ட குழுக்களாக எங்களை ஓட்டல்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். கேமராவை நாங்களே வடபழனியில் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும். உண்மையைச் சொன்னால், நான் கற்ற கொஞ்சநஞ்சத்தைக் கற்றது அங்கேதான், அதுவும் சமையற்காரர்களிடம். வெண்பொங்கலைத் தட்டில் வைத்துக் கோணம் பார்த்து முடிப்பதற்குள் நெய் உறைந்து மேல்பரப்பு மங்கிவிடும். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர் ஒருவர், “நீ முதலில் காலித் தட்டை வைத்து வெளிச்சத்தைச் சரிபார்த்துக்கொள் பாப்பா, நீ சொன்ன பிறகு நான் சூடாகப் போடுகிறேன்” என்று சொல்லி, கடைசி நொடியில் காய்ச்சிய நெய்யை ஒரு கரண்டி விட்டார். தேங்காய்ச் சட்னி தண்ணீர் விட்டுக்கொள்வதையும், தோசையின் மொறுமொறுப்பு அடங்கிப்போவதையும் இதே வழியில்தான் சமாளிக்கக் கற்றேன். 84,960 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்த ஒரே பாடம், நிறுவனத்தில் சம்பளம் வாங்காத ஒருவரிடமிருந்து கிடைத்தது.

எழுத்துப் பகுதி இதைவிட மோசம். 12 வகுப்புகளில் 2 மட்டுமே நடந்தன. ‘தேவையான அளவு’ என்று எழுதிவிட்டுப் போகக் கூடாது, பழைய அரிசிக்கும் புதிய அரிசிக்கும் தண்ணீர் வேறுபடும், எழுதிய குறிப்பை வேறொருவர் சமைத்துப் பார்த்த பிறகே வெளியிட வேண்டும் என்பன போன்ற அடிப்படைகளை யாரும் பேசவில்லை. மாறாக, நாங்கள் காலடி வைத்திராத உணவகங்களைப் பற்றி வாடிக்கையாளர் எழுதியதுபோல ஆளுக்கு 10 புகழுரைகள் எழுதித் தரச் சொன்னார்கள். நானும் எழுதினேன், அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். பணத்தொடர்பை மறைத்துப் பரிந்துரைப்பது, தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளுக்கு முரணானது என்பதை அப்போது நான் அறியவில்லை.

2024 பிப்ரவரியில் ஒரு தோழியுடன் சாப்பிடப் போன இடத்தில் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு காபிப் படம் மாட்டியிருந்தது. பித்தளை டபரா, நுரை ததும்பும் டம்ளர், பக்கத்தில் சிந்திய இரண்டு காபிக் கொட்டைகள். டபராவின் விளிம்பில் இடப்புறம் ஒரு நெளிவு. அது எங்கள் அப்பத்தா வீட்டு டபரா. சிறுவயதில் கிணற்றடியில் நான் போட்டு நெளித்தது. களப் பயிற்சிக்காக அதை ஊரிலிருந்து துணியில் சுற்றி எடுத்துவந்திருந்தேன். மேலாளரிடம் விவரம் சொன்னபோது அவர் பதறிப்போய், தாம் கட்டிய பில்லையே எடுத்துக் காட்டினார்: 40 படங்கள், படத்துக்கு 700 வீதம் 28,000 ரூபாய், பெற்றுக்கொண்டவர் எங்கள் பயிற்சி நிறுவனம். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நியாயமாகப் பணம் கொடுத்து வாங்கியவர் அவர்.

நான் விவரம் கேட்டபோது, சேர்க்கையின்போது நான் கையெழுத்திட்ட தாளை நிறுவனத்தார் நீட்டினார்கள். மாணவர் எடுக்கும் படங்களை ‘நிறுவனத்தின் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்று மட்டுமே அதில் இருந்தது. மூன்றாமவருக்கு விற்கலாம் என்று ஓரிடத்திலும் இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒளிப்படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர். பணம் கொடுத்து எடுக்கச் சொன்னாலோ, சம்பளத்துக்கு வேலை செய்தாலோதான் வேறு ஏற்பாடு இல்லாதவரை முதல் உரிமை மற்றவருக்குப் போகும். நான் சம்பளம் வாங்கவில்லை, கட்டணம் அல்லவா கட்டினேன்! உரிமையை மாற்றித் தருவதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு, இன்ன படைப்பு, இன்ன உரிமை என்று சொல்லித் தர வேண்டும்; காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். இவற்றை எனக்கு எடுத்துச் சொன்ன வழக்கறிஞர், நீங்களும் கையெழுத்திடும் முன் அந்தத் தாளின் நகலை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒருவரிடம் காட்டியிருக்கலாமே என்றும் சொன்னார். சொன்னது சரிதான்.

வழக்கறிஞர் அறிவிக்கை அனுப்பிய பின் 30,000 ரூபாய் தருவதாக வந்தார்கள், எல்லாப் படங்களும் தங்களுடையவை என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. மறுத்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளித்திருக்கிறேன். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. குறை நேர்ந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் அளித்துவிட வேண்டும். பயிற்சி தருவது நுகர்வோர் சட்டத்தின் கீழ் ‘சேவை’ ஆகுமா என்பதில் தீர்ப்புகள் இருவிதமாகவும் வந்திருப்பதால், முடிவு எப்படி அமையும் என்று சொல்ல முடியாது என்பதையும் வழக்கறிஞர் மறைக்கவில்லை. சம்பளத்துடன் தருவதாகச் சொன்ன 3 மாதப் பயிற்சிப் பணி எங்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

என்னோடு படித்தவர்களில் யாரேனும் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். களப் பயிற்சியில் எடுத்த மூலக் கோப்புகள், அதாவது ரா கோப்புகள், உங்கள் மெமரி கார்டிலோ பழைய மடிக்கணினியிலோ இருந்தால் அழித்துவிடாதீர்கள். எடுத்த நாள், நேரம், கேமராவின் விவரம் எல்லாம் அவற்றுக்குள்ளேயே பதிந்திருக்கும். வடபழனிக் கடையின் வாடகை ரசீதையும் தேடி எடுத்துவையுங்கள். என் ரசீதில் உள்ள நாளும் காபிப் படத்தின் கோப்பில் உள்ள நாளும் ஒன்றாக இருக்கின்றன.