குமுளியில் நடக்கும் பிளாக் எழுதிச் சம்பாதிக்கும் வகுப்பு: 4,999 ரூபாய்க்குத் தகுமா?

குமுளி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஏலக்காய்க் கடைகளுக்கு மேலே மாடியில் சனி, ஞாயிறுகளில் ஒரு பிளாக்கிங் வகுப்பு, அதாவது இணையத்தில் சொந்தமாகப் பக்கம் வைத்து எழுதிக் காசு பார்க்கும் வகுப்பு, நடக்கிறது. பெயர் வேண்டாம். "ஒரு தடவை எழுதிப் போடுங்கள், தூங்கும்போதும் டாலர் வரும்" என்று நோட்டீஸ் அடித்து கம்பம், கூடலூர் வரைக்கும் ஒட்டியிருக்கிறார்கள். அக்கா மகள் சேரணும் என்றாள், நானும் கூடவே பணம் கட்டி உட்கார்ந்தேன். ஆளுக்கு 4,999.

சொல்லித்தருகிறவர் பாதி தமிழ், பாதி மலையாளம், எத்தனை தடவை சந்தேகம் கேட்டாலும் சலித்துக்கொள்வதில்லை. அதிலும் ஆட்சென்ஸ், அதாவது நம் பக்கத்தில் கூகுள் விளம்பரம் போட்டு நமக்குப் பங்கு தருகிற ஏற்பாடு, அந்தப் பகுதி உண்மையிலேயே உருப்படி. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் கூகுள் ஒரு பின் நம்பரைத் தபாலில் அனுப்பும், அதை 4 மாதத்துக்குள் போடாவிட்டால் விளம்பரம் வருவது நின்றுவிடும். நம் பக்கத்துக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் வேலை வண்டன்மேட்டு எஸ்டேட்டில், ஆதார் கம்பத்து விலாசத்தில், பேங்க் கணக்கு குமுளியில் என்று இருக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். தபால் எங்கே உறுதியாகக் கைக்கு வருமோ அந்த விலாசத்தைக் கொடுங்கள், பெயரை பாஸ்புக்கில் உள்ளபடியே போடுங்கள் என்று ஒவ்வொருவர் ஸ்கிரீனையும் வந்து பார்த்தார். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கிளம்பும், அதுவும் அடுத்த மாதம் 21லிருந்து 26க்குள். தன் பக்கத்து விளம்பரத்தைத் தானே அமுக்கினாலோ, சிநேகிதர்களை அமுக்கச் சொன்னாலோ கணக்கே போய்விடும். இதெல்லாம் தெளிவு.

இடிப்பது அந்தத் தூக்கத்தில் வரும் டாலர்தான்.

பயிற்சிக்கு அவரே எடுத்த உதாரணம் மங்கலதேவி கண்ணகி கோவில். வருஷத்துக்கு ஒரே நாள், சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் பக்தர்களை விடுகிற இடம், தேடுகிறவர்கள் நிறைய, நல்ல தலைப்புதான். ஆனால் கூட்டம் தேடுவது அதற்கு முந்தின சில வாரங்களில் மட்டும், அடுத்த வருஷம் தேதி வேறு, ஜீப் கட்டணம் வேறு, தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட அதிகாரிகளும் கூடிப் பேசிச் சொல்லும் கட்டுப்பாடு வேறு. பழைய பதிவை நம்பி யாராவது கைக்குழந்தையோடு வந்து நின்றால் திட்டு நமக்குத்தான் விழும். தேக்கடி படகு டிக்கெட்டும் அப்படித்தான், சபரிமலை சீசனில் கம்பம்மெட்டு வழியாக வண்டிகளைத் திருப்பிவிடுவதும் அப்படித்தான். இதில் எதை எழுதிவிட்டுத் தூங்குவது? ஏலம் நட்டுவிட்டு மூணு வருஷம் எட்டிப் பார்க்காமல் காய் பறிக்கக் கூடையோடு போகலாம் என்று இந்த ஊரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்.

கேட்டேன். "அப்படியென்றால் லோன், இன்சூரன்ஸ் எழுதுங்கள் சேட்டா, அது மாறாது, இங்கிலீஷில் எழுதினால்தான் காசு" என்றார். வட்டி விகிதம் மாறாதா? அதுவும் போக, அந்தத் தலைப்புகளில் பெரிய பெரிய கம்பெனிகள் ஆள் வைத்து எழுதுகின்றன, இப்போது பாதிக் கேள்விக்குக் கூகுளே மேலே பதிலைச் சுருக்கிக் கொடுத்துவிடுகிறது, படிக்கிறவர் நம் பக்கம் வரைக்கும் ஏன் வரப்போகிறார்? தமிழில் எழுதினால் ஒரு கிளிக்குக்குக் கிடைப்பது குறைவு என்பது சரி. ஆனால் ஆட்சென்ஸ் 2018இலேயே தமிழை ஏற்றுக்கொண்டுவிட்டது, படிக்கிறவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தும் தொகை மாறும், துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம் ஆட்களை இவர் கணக்கிலேயே எடுக்கவில்லை.

அப்புறம் ஹோஸ்டிங், அதாவது நம் பக்கத்தை இணையத்தில் வைக்க வாடகைக்கு எடுக்கும் இடம். முதல் நாள் மதியமே எல்லோருக்கும் வாட்ஸப்பில் ஒரு லிங்க் வந்தது, இதில் போய் வாங்குங்கள், தள்ளுபடி உண்டு என்று. பார்த்தால் அவருடைய அஃபிலியேட் லிங்க், அதன் வழியாக யார் வாங்கினாலும் அவருக்குக் கமிஷன். கமிஷன் வாங்குவதில் தப்பில்லை, ஆனால் அதைச் சொல்லிவிட்டு அனுப்பியிருக்கலாம். கூகுளின் பிளாக்கர் இலவசம், அதிலும் ஆட்சென்ஸ் போடலாம், புதிதாக ஆரம்பிக்கிற பிள்ளைக்கு அது போதும். அதைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். தூங்கும்போது காசு வருகிற ஒரே ஆள் அந்த அறையில் அவர்தான் என்று அக்கா மகள் காதில் சொன்னாள்.

அமேசான் பொருளுக்கு நம் பக்கத்தில் லிங்க் கொடுத்துக் கமிஷன் வாங்குவது பற்றியும் கொஞ்சம் வந்தது. லிங்க்கை அமுக்கி 24 மணி நேரத்துக்குள் பொருளைக் கூடையில் போட்டால்தான் நமக்குக் கமிஷன் என்பதைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை.

5க்கு இரண்டரை கொடுப்பேன். ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கிறவர், ஆட்சென்ஸ் கணக்கு, பேங்க், தபால் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டவர் என்றால் இரண்டாம் நாள் மட்டும் போகலாம், கேட்டால் பாதிக் கட்டணத்துக்கு விடுகிறார்கள். வேலையை விட்டுவிட்டு இதை நம்பலாமா என்று யோசிக்கிறவர்கள் போகவேண்டாம். லேப்டாப் கட்டாயம், போனில் பாதி வேலை நடக்காது. மதியச் சாப்பாடு கட்டணத்தில் சேராது, கீழே இறங்கினால் மெஸ்ஸில் கப்பையும் மீன்கறியும் கிடைக்கும், அதற்கு 5க்கு 5.