"அயடீன் சேர்க்கப்பட்டது" என்ற வெற்று அச்சு: புறக்கோட்டையில் மொத்தமாக உப்பு வாங்குவோர் கவனத்திற்கு

புறக்கோட்டையில் மொத்தமாக உப்பு வாங்கி ஊருக்கோ தோட்டத்துக்கோ அனுப்புகிறவர்கள், பொதியில் "அயடீன் சேர்க்கப்பட்டது" என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம். அப்படி அச்சிட்ட கட்டி உப்புப் பொதிகளை நான் வாங்கி அனுப்பினேன். பரிசோதித்தபோது அவற்றில் அயடீன் தென்படவில்லை.

தெஹியோவிட்டைக்கு அப்பால் ஓர் இறப்பர் தோட்டத்தில் என் அக்கா குடும்பத்தோடு வசிக்கிறார். 2025இல் மழையால் அம்பாந்தோட்டை, புத்தளம் உப்பளங்கள் பாதிக்கப்பட்டு நாடெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டு, இந்தியாவிலிருந்து உப்பு இறக்கும் நிலை வந்தபோது, தோட்டத்துக் கடைகளில் உப்பு கிடைப்பதே அரிதாயிற்று. அப்போது லயத்துக் குடும்பங்கள் சில சேர்ந்து பணம் திரட்டித் தர, நான் கொழும்பில் வாங்கி அவிசாவளை பஸ்ஸில் ஏற்றிவிடும் வழக்கம் தொடங்கியது. தட்டுப்பாடு நீங்கிய பிறகும், விலை சற்றுக் குறைவு என்பதால் அது தொடர்ந்தது.

தோட்டத்துக்கு வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடுகளில் உப்பைச் சோதித்தார். ஒரு சிட்டிகை உப்பைத் தட்டில் வைத்து, சிறு போத்தலிலிருந்து ஒரு துளி கரைசலை அதன்மேல் விடுவார். அயடீன் இருந்தால் அந்த இடம் ஊதா கலந்த நீலமாக மாறும். அக்கா வீட்டு உப்பு வெள்ளையாகவே கிடந்தது. அதே பொதியை வாங்கிய மற்ற வீடுகளிலும் அதுதான் நிலை.

கடைக்காரரிடம் கேட்டபோது அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. "தம்பி, தோட்டத்து ஆட்கள் கட்டி உப்பைக் கழுவித்தான் போடுவார்கள். கழுவினால் அயடீன் நிற்குமா?" என்றார். இதில் பாதி உண்மை. கட்டி உப்பில் தெளிக்கப்படும் பொட்டாசியம் அயடேற்று என்ற அயடீன் சேர்மம் பெரும்பாலும் பளிங்கின் வெளிப்புறத்திலேயே தங்குவதால், கழுவினால் அதில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். ஈரத்திலும் வெயிலிலும் மூடாமல் வைத்தாலும் குறையும். ஆனால் பரிசோதகர் அக்காவின் அடுப்பங்கரைச் சட்டியிலிருந்து மட்டும் உப்பை எடுக்கவில்லை. பிரிக்காத பொதி ஒன்றையும் அக்காவின் கண்முன்னே வெட்டிச் சோதித்தார், அதிலும் நிறம் மாறவில்லை. இதைச் சொன்னதும் முதலாளி, "நாங்கள் வாங்கி விற்கிறவர்கள்தானே" என்று பேச்சை மாற்றிவிட்டு, மூட்டை இறக்கிய நாட்டாமையோடு கூலி பேசப் போய்விட்டார்.

அந்தப் பொதியை இப்போது மேசைமேல் வைத்துப் பார்க்கிறேன். தடித்த பொலித்தீன் பை. அச்சிட்ட சுட்டுத்துண்டு கையால் ஒட்டப்பட்டிருக்கிறது. தயாரித்தவர் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் "கொழும்பு" என்ற ஒரு சொல் மட்டும் உண்டு. தொகுதி இலக்கத்துக்கு விட்ட கோடு வெறுமையாக இருக்கிறது. அடியில் ஒரு விரல் உயரத்துக்குப் பழுப்பு நீர் தேங்கியிருக்கிறது. யாரோ சாக்கு உப்பை வாங்கிப் பையில் அடைத்து, அயடீன் உப்பின் பெயரில் விற்றிருக்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன்.

இதைச் சில்லறை ஏமாற்று என்று விட்டுவிட முடியாது. எடை குறைந்தால் தராசு காட்டிக்கொடுக்கும். அயடீன் இல்லாததை நாவும் கண்ணும் காட்டிக்கொடுக்கா. சமையல் உப்பில் அயடீன் கலப்பது 1995 முதல் இந்நாட்டில் கட்டாயம். 2005ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி ஒரு கிலோ உப்பில் 15 முதல் 30 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். அதற்கு முன், 1980களின் பிற்பகுதியில் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், களுத்துறை மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்குக் கழுத்து முன்புறம் வீங்கும் கண்டக்கழலை காணப்பட்டது. தென்மேற்கின் ஈரவலயத்தில் இந்நோய் நெடுங்காலம் பரவியிருந்தது. அக்காவின் தோட்டமும் அந்த ஈரவலயத்தில்தான் இருக்கிறது. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயடீன் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது கிடைக்காவிட்டால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படலாம். அக்காவின் மகள் இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி.

ஆகவே வாங்கும்போது தயாரிப்பாளரின் முழு முகவரி, தொகுதி இலக்கம், திகதிகள் ஆகியவற்றைப் பாருங்கள். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் அந்தப் பொதி வேண்டாம். பற்றுச்சீட்டில் "உப்பு" என்று மட்டும் எழுத விடாமல், "அயடீன் உப்பு" என்று பெயரோடு எழுதச் சொல்லுங்கள். சந்தேகம் எழுந்தால் பிரிக்காத பொதி ஒன்றைப் பத்திரப்படுத்திக்கொண்டு, கடை இருக்கும் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ, 1977 என்ற இலக்கத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடமோ முறையிடலாம். நாம் கொண்டுபோய்க் கொடுக்கும் பொதி தகவலுக்கு உதவும். வழக்குத் தொடர்வதென்றால் அதிகாரம் பெற்ற உத்தியோகத்தரே கடையில் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்ப வேண்டும்.

நான் முறைப்பாடு கொடுத்துவிட்டேன். அதன்பின் கடையிலிருந்து அழைப்பு வந்தது. பணம் முழுவதையும் திருப்பித் தருவதாகவும், பற்றுச்சீட்டை மட்டும் கொண்டுவந்து கொடுத்துவிடும்படியும் சொன்னார்கள். கொடுக்கவில்லை. அதே கடையில் அதே பொதியை வாங்கியவர்கள் யாரேனும் இருந்தால், உங்கள் பற்றுச்சீட்டையும் கொடுத்துவிட வேண்டாம்.