வெட்டுவதா, புதிதாக எழுதுவதா?

நீண்ட வாக்கியத்தைச் சுருக்க இரண்டு வழிகள். எழுதியதிலேயே வேண்டாத சொற்களை வெட்டுவது ஒன்று. அதை மூடிவைத்துவிட்டு, விஷயத்தை மட்டும் மனதில் வைத்துப் புதிதாக எழுதுவது மற்றொன்று.

ஓர் அறிவிப்பை எடுத்துக்கொள்வோம்:

"பொதுமக்களுக்குத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், குழாய் பழுதுபார்க்கும் பணிகள் மேற்கொள்ளப்பட உள்ள காரணத்தினால், வருகின்ற வெள்ளிக்கிழமை அன்று காலை 6 மணி முதல் மாலை 4 மணி வரை குடிநீர் விநியோகம் செய்யப்பட மாட்டாது."

24 சொற்கள். வெட்டினால்:

"குழாய் பழுதுபார்க்கும் பணி நடப்பதால் வெள்ளிக்கிழமை காலை 6 மணி முதல் மாலை 4 மணி வரை குடிநீர் விநியோகம் இருக்காது."

16 சொற்கள். நல்ல முன்னேற்றம்தான். இப்போது புதிதாக எழுதியது:

"14ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை 6 முதல் மாலை 4 மணி வரை தண்ணீர் வராது. குழாயைச் சரிசெய்கிறோம். வியாழன் இரவே பிடித்து வையுங்கள்."

18 சொற்கள். வெட்டியதைவிட நீளம், ஆனாலும் எனக்கு இதுதான் பிடிக்கிறது. தேதி இல்லாத அறிவிப்பு சுவரில் ஒரு வாரம் ஒட்டியிருந்தால் எந்த வெள்ளி என்று யாருக்குத் தெரியும்? வெட்டும்போது இருப்பதை மட்டுமே பார்க்கிறோம், இல்லாதது கண்ணில் படுவதில்லை. "ஆய்வு மேற்கொள்ளப்பட்டது" என்பதை "ஆய்வு நடந்தது" என்று குறைத்தாலும், யார் செய்தார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கும். புதிதாக எழுத உட்கார்ந்தால் அதற்குப் பதில் தேடியே ஆக வேண்டும்.

நன்னூல் என்ற பழைய இலக்கண நூல், ஒரு நூலில் இருக்கக் கூடாத பத்துக் குற்றங்களைப் பட்டியலிடும்போது குன்றக் கூறலை (தேவையானதைவிடக் குறைத்துச் சொல்வதை) முதலில் வைக்கிறது, மிகைபடக் கூறல் (தேவைக்கு மேல் சொல்வது) அதற்கு அடுத்துத்தான். நூலுக்கு இருக்க வேண்டிய பத்து அழகுகளில் சுருங்கச் சொல்லலை அடுத்து உடனே விளங்க வைத்தல் வருகிறது. அந்த வரிசை எனக்கு மிகச் சரியாகப் படுகிறது.

ஆனால் வாடகை ஒப்பந்தம் போன்றவற்றில் புதிதாக எழுதுவது ஆபத்து. "5ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும்" என்பது கைதவறி "5ஆம் தேதி வாடகை" என்று ஆகிவிட்டால் நிபந்தனையே மாறிவிடும். அங்கே வெட்டுவதே பாதுகாப்பு, எது போனது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம். அடுத்தவர் எழுதியதைத் திருத்தும்போதும் அப்படியே: அவருடைய நடை நம்முடையதாக மாறிவிடக் கூடாது. "என்பது குறிப்பிடத்தக்கது", "என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்" போன்ற வால்களைத் தயங்காமல் எடுக்கலாம், பொருள் துளியும் குறையாது.

சொந்த மின்னஞ்சல், விண்ணப்பம், சுற்றறிக்கை என்றால் நான் புதிதாக எழுதுவதையே சொல்வேன். நேரம் கொஞ்சம் கூடும். அப்புறம், எழுதியதைப் பழைய வரைவோடு ஒருமுறை ஒப்பிட்டு, எண்களும் பெயர்களும் விடுபடவில்லையா என்று பார்த்துவிட வேண்டும்.