நிக்கான் பி950: 83 மடங்கு ஜூமை எங்கே செலவழிப்பது?

83 மடங்கு ஜூம் என்றதும் யாருக்கும் முதலில் தொலைவுதான் நினைவுக்கு வரும். ஏரியின் அக்கரையில் நிற்கும் நாரை, பக்கத்து ஊர்க் கோபுரத்தின் கலசம், கடலில் நங்கூரமிட்ட கப்பல். நிக்கான் கூல்பிக்ஸ் பி950 வாங்கியவர்கள் முதல் வாரம் இவற்றைத்தான் எடுப்பார்கள். படத்தைக் கணினியில் திறந்ததும் முகம் வாடும். வேடந்தாங்கல், பள்ளிக்கரணை, கோடியக்கரை என்று பல பறவைப் பருவங்கள் இந்தக் கேமராவோடு சுற்றிய பிறகு என் கருத்து உறுதியாகிவிட்டது. இந்த ஜூம், எட்ட இருக்கும் பெரிய பொருளுக்கானது அல்ல. கிட்ட இருக்கும் சிறிய உயிருக்கானது.

காரணம் கேமராவில் இல்லை, காற்றில் இருக்கிறது. வெயில் ஏறியதும் நிலமும் நீரும் சூடாகி, மேலே உள்ள காற்று அலையத் தொடங்குகிறது. தார்ச்சாலையில் நம் கண்ணுக்கே தெரியும் அந்தக் கானல், முந்நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் நாரையை முழு ஜூமில், அதாவது 35 மி.மீ. கேமராக் கணக்கில் 2000 மி.மீ. குவியத் தூரத்தில் பார்க்கும்போது பல மடங்கு பெரிதாகிறது. இறகு கரைந்து, அலகின் விளிம்பு நடுங்குகிறது. முக்காலியும் விலையுயர்ந்த லென்ஸும் இதைச் சரிசெய்யாது. சூரியன் எழுந்த முதல் ஒன்றரை மணி நேரம் தூரப் படங்களுக்கு. அதன் பிறகு அக்கரையை மறந்துவிட்டு, நம் பக்கக் கரையைக் கவனிப்பதே நல்லது.

நம் பக்கக் கரையில்தான் இது வியக்க வைக்கிறது. முழு ஜூமில் இந்த லென்ஸ் ஐந்து மீட்டர் அருகே உள்ள பொருளிலும் குவியும். அந்தத் தொலைவில் படச் சட்டத்தின் அகலம் ஒன்பது சென்டிமீட்டர்கூட இல்லை. கோரைத் தண்டின் நுனியில் ஒரு தட்டான் வந்து அமர்ந்தால் சட்டத்தின் பெரும்பகுதியை அதுவே அடைத்துக்கொள்ளும். இறக்கையின் நரம்பு வலை, இறக்கை நுனியில் உள்ள கரும்பொட்டு, காலில் வரிசையாக நிற்கும் முள்மயிர் எல்லாம் தெளிவாக வருகின்றன. மிக அருகில் வைத்து எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வைத்திருப்பவர் இதற்காகச் சேற்றில் இறங்கித் தவழ வேண்டும். அதற்குள் தட்டான் எழுந்து போயிருக்கும். நாம் நின்ற இடத்தை விட்டு நகரவே வேண்டாம்.

பஞ்சுருட்டானை எடுக்கவும் இதே வழிதான். அது ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வரும் பறவை. பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி நின்று, கிளையின் மேலேயே முன்கூட்டிக் குவியத்தைப் பூட்டிவிடுகிறேன். ஜூமையும் 1400 மி.மீ. அளவில் நிறுத்திக்கொள்கிறேன், இல்லையென்றால் வால் வெட்டுப்படும். பூச்சியோடு வந்து அமர்ந்ததும், அதைக் கிளையில் இரண்டு மூன்று முறை அடித்து, கொடுக்கை மழுங்கடித்து, பிறகுதான் விழுங்கும். அந்தச் சில நொடிகளில் வேண்டிய படம் கிடைத்துவிடும். பறக்கும் பஞ்சுருட்டானைத் துரத்திக் குவியம் பிடிக்க இந்தக் கேமராவால் முடியாது. அதற்கு வேறு வகைக் கேமரா வேண்டும். மெதுவாகச் சறுக்கி இறங்கும் சங்குவளை நாரையை 500 மி.மீ. சுற்றி வைத்துப் பிடித்துவிடலாம்.

கூடு கட்டியிருக்கும் பறவைக்கு மட்டும் என் விதி தலைகீழ். அங்கே கிட்டப் போகவே கூடாது. படம் சுமாராக வந்தாலும் எட்டத்திலேயே நில்லுங்கள்.

ஜூமை நீட்டிய பிறகு பறவையைத் தொலைத்துவிடுவது எல்லோருக்கும் நேர்வது. முழு ஜூமில் நாம் பார்ப்பது ஏறத்தாழ ஒரு டிகிரி அகலமுள்ள கீற்று மட்டுமே. இலையும் வானமும்தான் தெரியும். லென்ஸ் குழலின் பக்கவாட்டில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தால் காட்சி விரிகிறது. பறவையை நடுவில் கொண்டுவந்து விரலை எடுத்தால் பழைய ஜூமுக்கே திரும்பிவிடுகிறது. இந்த ஒரு பொத்தானை விரல் பார்க்காமலே தேடிப் பிடிக்கும் அளவுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். வேறு எந்த அமைப்பையும்விட அதிகப் படங்களை எனக்குத் தந்தது இதுதான்.

ஒளியைப் பதிவுசெய்யும் சென்சார் சின்னது, ஏறத்தாழ 6.2 × 4.6 மி.மீ. அதனால் வெளிச்சத்துக்கு ஏங்கும். ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 400 வரை இறகு இறகாகவே இருக்கிறது. 800-ஐத் தாண்டினால் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடுகிறது. ஷட்டர் வேகத்தைக் கொஞ்சம் இறக்கினாலும் இறக்குவேனே தவிர 800-ஐத் தாண்ட விடுவதில்லை. அமர்ந்திருக்கும் மடையானுக்கு, நடுக்கம் தடுக்கும் வசதியின் துணையோடு 1/250 நொடி போதும். இன்னொன்று: முழு ஜூமில் எஃப்/6.5 என்பதே இதன் அகலமான திறப்பு. பெரிய கேமராவில் பழகியவர்கள் கூர்மை கூடும் என்று திறப்பைச் சுருக்கி எஃப்/8-க்கு மூடுவார்கள். இவ்வளவு சிறிய சென்சாரில் சிறிய திறப்பின் வழியே ஒளி விரிந்து சிதறும் விளிம்பு விளைவால் கூர்மை குறையத்தான் செய்யும். திறந்தே வைத்திருங்கள்.

2015-இல் வந்த பி900-க்கும் 2020-இல் வந்த இதற்கும் லென்ஸ் அளவு ஒன்றே. ஆனால் கேமரா மெருகேற்றாத மூலத் தரவைச் சேமிக்கும் ரா கோப்பு வசதி இதில்தான் வந்தது. வெள்ளைக் கொக்கின் மேல் வெயில் விழும்போது அதன் அருமை தெரியும்: வெளுத்துப்போகும் இறகில் கொஞ்சமாவது மீட்க முடிகிறது. கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரும் பி900-ஐவிட மிகத் தெளிவு. இதே வரிசையின் பெரிய கேமராவான பி1000-இன் 125 மடங்கு ஜூம் என்னை இழுக்கவில்லை, அது 1.4 கிலோ, இது ஒரு கிலோ. நாள் முழுக்கத் தோளில் தொங்கும்போது அந்த வித்தியாசம் பெரிது.

காற்றைத் தாண்டி நான் தொலைவை நாடுவது நிலவுக்காக மட்டுமே. முழு ஜூமில் நிலவு சட்டத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிரப்புகிறது. பௌர்ணமியை விட்டுவிடுங்கள், நேர் வெளிச்சத்தில் நிலவு தட்டையாகத்தான் தெரியும். வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய மாலைகளில், நிலவு உச்சியில் இருக்கும்போது ஐஎஸ்ஓ 100, 1/125 நொடி வைத்துப் பாருங்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களின் நிழல் நீண்டு விழுந்திருக்கும். முக்காலியில் நிறுத்தினால் நடுக்கம் தடுக்கும் வசதியை அணைத்துவிட்டு, டைமரில் எடுங்கள். அதேபோல் முக்காலியில் நிறுத்தி, ஷட்டரை இன்னும் நீண்ட நேரம் திறந்துவைத்தால் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் புள்ளிகளாக வந்துவிடும்.

பேட்டரி, நிறுவனக் கணக்கின்படி 290 படங்களுக்குத்தான் வரும். காத்திருந்து எடுப்பவருக்கு இன்னும் குறையும், உபரி பேட்டரி ஒன்று அவசியம். இந்த லென்ஸ் நீண்டு சுருங்கும் வகை, தூசியும் உப்புக் காற்றும் குழலோடு உள்ளே போகும். கோடியக்கரை போன்ற இடங்களில் ஜூமைச் சுருக்கும் முன் குழலை மென்தூரிகையால் துடைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் பையிலேயே விட்டுவைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, பொட்டலங்களை அவ்வப்போது மாற்றிவருகிறேன்.