ஞாயிற்றுக்கிழமை 32 கிலோமீட்டர் ஓடியே ஆக வேண்டுமா? முதல் ஃபுல் மாரத்தானுக்கு மூன்று வழிகள்

ஜனவரி முதல் வாரத்தையொட்டி நடக்கும் சென்னை மாரத்தானில் முதல் முறையாக ஃபுல், அதாவது 42.195 கிலோமீட்டர் ஓடப் பெயர் கொடுத்தவர்கள் ஆகஸ்ட் கடைசியில் கேட்கும் முதல் கேள்வி, எந்தப் பிளானை எடுப்பது என்பதுதான். இணையத்தில் பிளான்களுக்குக் குறைவே இல்லை, ஆனால் உரித்துப் பார்த்தால் பெரும்பாலானவை மூன்று குடும்பத்துக்குள் அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே போய் 32 கிலோமீட்டரைத் தொடுவது ஒன்று. வாரத்தில் ஆறு நாள் ஓடி, லாங் ரன்னை, அதாவது வாரத்தின் மிக நீண்ட ஓட்டத்தை, 26-இல் நிறுத்திக்கொள்வது இன்னொன்று. ஓட்டமும் நடையுமாக மாற்றி மாற்றிப் போவது மூன்றாவது. மூன்றையும் மூன்று சீசன்களில் நான் முயன்று பார்த்திருக்கிறேன். ஃபுல்லை ஐந்து மணி நேரத்தை ஒட்டி முடிக்கிற ஆள் நான், அதனால் இங்கே சொல்வதெல்லாம் நாலரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்பவர்களுக்கு. மூன்றரை மணி நேரத்தில் முடிப்பவர்களின் கணக்கே வேறு.

முதலில் ஞாயிறு 32. நம்மில் நிறையப் பேர் இதைத்தான் மாரத்தான் பயிற்சி என்றே நினைக்கிறோம். இந்தப் பழக்கம் பரவியதில் நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அவரிடம் பயிற்சி பெற்ற பையன்கள் ஞாயிறுதோறும் ஆக்லாந்தை ஒட்டிய வைடாக்கெரே மலைப்பாதையில் 22 மைல், கிட்டத்தட்ட 35 கிலோமீட்டர் சுற்றி வருவார்கள். 800 மீட்டர் ஓடுகிற பீட்டர் ஸ்னெல்லும் அதில் ஓடியாக வேண்டும். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரிலும் மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள், மாரத்தானில் பேரி மகீ வெண்கலம். அதற்குப் பிறகு யார்தான் அந்த ஞாயிற்றுக்கிழமையை விடுவார்கள்?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த 35 கிலோமீட்டர் அவர்கள் வேகத்துக்கு இரண்டரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். நான் 32 ஓட எடுத்துக்கொண்டது 3 மணி 50 நிமிடம். தூரம் ஏறக்குறைய ஒன்றுதான், உடம்புக்கு நடப்பது வேறு. கால் எத்தனை கிலோமீட்டர் என்று எண்ணுவதில்லை, எவ்வளவு நேரம் தரையில் அடி வாங்கினோம் என்பதைத்தான் வைத்துக்கொள்கிறது. போதாததற்கு நம் ஊர் காற்று. செப்டம்பரில் விடியற்காலை நாலு மணிக்கு எலியட்ஸ் பீச்சில் கிளம்பினாலும் ஐந்தாவது கிலோமீட்டரில் பனியன் பிழிகிற மாதிரி ஆகிவிடும், ஏனென்றால் வியர்வை வழிகிறதே ஒழிய காய்வதில்லை, காயாத வியர்வை உடம்பைக் குளிர வைக்காது. வேகம் கூடாமலேயே இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். எட்டு மணி வெயிலில் முடித்து வீட்டுக்கு வந்தால் அன்றைய பொழுது போச்சு, செவ்வாய்க்கிழமை வரை படி இறங்க முடியாது, அந்த வாரத்தின் மற்ற ஓட்டங்கள் எல்லாம் அரைகுறை. எனக்கு முழங்காலின் வெளிப்பக்க வலி வந்தது அந்த சீசனில்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல் காலண்டரில் இருக்கிறது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். ஜனவரி முதல் வாரம் பந்தயம் என்றால், கடைசி மூன்று வாரம் ஓட்டத்தைக் குறைக்கும் டேப்பர். ஆக 28, 30, 32 என்ற பெரிய ஞாயிறுகள் நவம்பரிலும் டிசம்பர் முதல் பாதியிலும் வந்து விழும். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். 2023 டிசம்பர் 3 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று இரவும் மறுநாளும் மிக்ஜாம் புயல் சென்னையை என்ன செய்தது என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு பல தெருக்களில் தண்ணீர் வடிந்திருந்தாலும் ஓடுகிற மனநிலையில் யார் இருந்தார்கள்? உதவிக்குப் போகவே நேரம் போதவில்லை. மொத்தப் பயிற்சியையும் ஞாயிற்றுக்கிழமையில் கட்டி வைத்திருந்தவர்களுக்கு இரண்டு பெரிய செங்கல் உருவப்பட்ட மாதிரி ஆயிற்று. பலர் அடுத்த வாரமே பதறிப்போய் 24-இலிருந்து நேராக 32-க்குத் தாவினார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

சரி, அப்படியென்றால் 26-இல் நிறுத்தும் வழி? இதைப் பிரபலப்படுத்தியவர்கள் அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த கெவின், கீத் ஹான்சன் சகோதரர்கள். 2018-இல் பாஸ்டன் மாரத்தானைக் கொட்டும் மழையிலும் எதிர்க்காற்றிலும் வென்ற டெஸ் லிண்டன் பல வருடம் இவர்கள் அணியில் இருந்தவர். 16 மைலுக்கு, அதாவது 26 கிலோமீட்டருக்கு மேல் லாங் ரன் கிடையாது, ஆனால் அதற்கு முந்தைய நாளும் ஓட வேண்டும், வாரத்தின் நடுவில் டெம்போ என்று பந்தய வேகத்தில் ஒரு ஓட்டமும் உண்டு. களைப்பு முழுதாகத் தீராத காலோடு ஞாயிறு 26-ஐத் தொடங்குவதால், அது மாரத்தானின் முதல் 26 மாதிரி இல்லாமல் கடைசி 26 மாதிரி இருக்கும் என்பது கணக்கு. எனக்கு இந்தத் தர்க்கம் ரொம்பப் பிடிக்கும். ஒரு லாங் ரன் அந்த வாரத்தின் மொத்தத் தூரத்தில் கால் பங்கிலிருந்து முப்பது சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். வாரம் 90 ஓடுபவருக்கு 26 சரியாகப் பொருந்தும். வாரம் 55 ஓடுபவர் 32 போனால் பாதிக்கு மேல் ஒரே நாளில் போய்விடுகிறது.

மழைக்கும் இது தோதான முறை. மூன்று நாள் மழையில் போனால் மூன்று சின்ன ஓட்டங்கள் போகும், அவ்வளவுதான், முதுகெலும்பு முறியாது. ஆனால் விலை தூக்கம். ஆறு நாள் நாலரைக்கு எழ வேண்டும், வேலை ஓ.எம்.ஆரில், வீடு திரும்ப எட்டரை ஆகும் என்றால் எத்தனை மணிக்குப் படுப்பது? பதினொரு வாரம் தாக்குப்பிடித்தேன். அதற்குப் பிறகு வியாழக்கிழமை டெம்போவை விட்டேன், சனிக்கிழமையை விட்டேன், ஞாயிறு 26 மட்டும் மிச்சம் நின்றது. அது ஹான்சன் பிளானே இல்லை. வாரம் மூன்று நாள் ஓடிக்கொண்டு "26 போதும் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்" என்று சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. அந்த வருடம் 30-ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு கால் கட்டிப்போட்ட மாதிரி நின்றுவிட்டது.

மூன்றாவது வழியை எடுத்த எடுப்பிலேயே நிறையப் பேர் ஒதுக்கிவிடுகிறார்கள். "நடந்தால் அது மாரத்தானா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். இதை உலகுக்குக் கொண்டுவந்த ஜெஃப் காலோவே 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர், ஓடத் தெரியாதவர் இல்லை. புதிதாக ஓட வந்தவர்களுக்கு வகுப்பெடுத்தபோதுதான் இந்த முறையை உருவாக்கினார். இதில் முக்கியமான விஷயம், நடை களைத்த பிறகு வருவதில்லை. முதல் கிலோமீட்டரிலிருந்தே வருகிறது. மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, கடைசி வரை அப்படியே.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோமீட்டரை ஓடினால் 7 நிமிடம், நடந்தால் 10 நிமிடம் 30 நொடி என்று வையுங்கள். மூன்றுக்கு ஒன்று என்று போனால் சராசரி 7 நிமிடம் 38 நொடி வரும், ஃபுல் 5 மணி 22 நிமிடத்தில் முடியும். நிற்காமல் ஓடினால் 4 மணி 55. ஆனால் நிற்காமல் ஓடி, 30-இல் சோர்ந்து, மிச்சம் 12 கிலோமீட்டரையும் நடந்தால்? 5 மணி 38. முதல் ஃபுல் ஓடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த மூன்றாவது கதை நடக்கிறது என்று 35-ஆவது கிலோமீட்டரில் நின்று தண்ணீர் கொடுத்துப் பார்த்தால் தெரியும். நான் ஒரு வருடம் கொடுத்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருந்தது.

நம் ஊர் வெக்கைக்கு இந்த ஒரு நிமிட நடை பெரிய உதவி. துடிப்பு கொஞ்சம் இறங்குகிறது, சிந்தாமல் குடிக்க முடிகிறது, ஒரு வாழைப்பழத்தை மென்று விழுங்க முடிகிறது. குறை என்றால், குழுவோடு ஓடுபவர்களுக்கு இது ஒத்துவராது, அவர்கள் முன்னால் போய்விடுவார்கள். காலோவே திட்டத்தில் லாங் ரன் கிட்டத்தட்ட மாரத்தான் தூரம் வரைக்கும் நீளும் என்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஐந்து மணி நேரப் பயிற்சி ஓட்டம் என்றால் சென்னையில் ஒன்பது மணி வெயிலைச் சந்தித்தே தீர வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரே ஒரு விஷயம், எந்த வழி எடுத்தாலும் இது பொருந்தும். ஓ.ஆர்.எஸ் கரைசல் மட்டும் குடித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம்தான். நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். உப்புக்கு ஓ.ஆர்.எஸ் சரி, சக்திக்கு ஓட்டக்காரர்கள் உறிஞ்சும் சர்க்கரை ஜெல்லோ பழமோ பேரீச்சையோ தனியாக வேண்டும். அப்புறம், தாகத்துக்கு மேல் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொள்வதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும்.

நான் இப்போது செய்வதும், என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்வதும் இதுதான். வாரம் ஐந்து நாள் ஓட்டம், ஹான்சன்களின் ஆறில் ஒன்றைக் குறைத்து எடுத்தது. சனியும் சேர்த்து நாலு நாள் 6 முதல் 10 கிலோமீட்டர், பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில். சனி 10, ஞாயிறு லாங் ரன், இரண்டையும் பிரிக்காதீர்கள். லாங் ரன்னில் முதலிலிருந்தே மூன்றுக்கு ஒன்று, தூரம் எவ்வளவு வந்தாலும் மூன்று மணி நேரம் ஆனதும் நிறுத்தம். டிசம்பரில் ஒரே ஒரு முறை மட்டும் மூன்றரை மணி. ஞாயிறு மழையில் போனால் அடுத்த வாரம் அதையும் சேர்த்து ஓடாமல், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். கடந்த சீசனில் இப்படி ஓடி 5 மணி 9 நிமிடத்தில் முடித்தேன், கடைசி 5 கிலோமீட்டரிலும் மூன்று நிமிடம் ஓட முடிந்தது, திங்கட்கிழமை ஆபீஸுக்குப் படியேறிப் போனேன்.

நாலு மணி நேரத்துக்குள் முடிக்கக்கூடியவர், ஏற்கெனவே வாரம் 60-க்கு மேல் ஓடுபவர் என்றால் 32-ஐ விடாதீர்கள், உங்களுக்கு அது மூன்று மணி நேரத்தில் அடங்கிவிடும். மற்றவர்கள் அலாரத்தை மூன்றே முக்காலுக்கு வைத்து, வாட்ச்சில் மூன்றுக்கு ஒன்று இடைவெளியை இந்த வாரமே போட்டுப் பழகுங்கள், நடக்க வேண்டிய நிமிடத்தில் நடக்க மனசு பழகுவதற்கே ஒரு மாதம் ஆகும்.