கீழக்கரைப் படகுப் பட்டறையில் போட்ட அடித்தகடு

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். வண்டியின் அடிவயிற்றைக் காக்கப் போட்ட இந்த இரும்புத் தகடு சத்தம் போடும். சரளைச் சாலையில் கொஞ்சம் வேகமெடுத்தால் கல் தெறித்துத் தகட்டில் படுகிற ஓசையில் பக்கத்து சீட்காரர் பேசுவது காதில் விழாது. ஆயில் மாற்றும்போது டிரெயின் போல்ட்டுக்கு நேராக ஓட்டை இருக்கிறது, பிரச்சினையில்லை. ஃபில்டர் மாற்ற வேண்டுமென்றால் முன் தகட்டை இறக்கித்தான் ஆக வேண்டும். சர்வீஸ் பையன் குனிந்து பார்த்துவிட்டு, "இதைக் கழட்டணுமாண்ணே?" என்று ஒரு முறை முறைப்பான். இவ்வளவும் தெரிந்தேதான் சொல்கிறேன், அடுத்த வண்டி வாங்கினாலும் அதே பட்டறைக்குத்தான் கொண்டுபோவேன்.

வண்டி பொலேரோ கேம்பர், ஃபோர் வீல் டிரைவ். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் வலிநோக்கத்திலிருந்து மூக்கையூர் வரை கரைவலை இழுக்கிற இடங்களுக்கு நேரே போய் மீன் எடுப்பது என் தொழில். பாதி இடங்களுக்குச் சாலை கிடையாது. யூடியூபில் வருவது போலப் பாறை ஏறுகிற வேலையெல்லாம் நமக்கு இல்லை. இங்கே வண்டியின் அடிவயிற்றைக் கிழிப்பது சீமைக்கருவேலம்தான். கரிமூட்டம் போடுகிறவர்கள் மரத்தைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மிச்சக் கட்டை மணலுக்குள் பாதி மறைந்து கூராக நிற்கும். எஞ்சின் ஆயில் தேங்கி நிற்கும் அடித்தொட்டியில், அதாவது ஆயில் சம்ப்பில், அது ஏறினால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான், ஐஸ் பெட்டியில் மீனோடு.

என் மைத்துனர் இதே தேவைக்குப் பெரிய ஊர் ஆக்சஸரீஸ் கடை ஒன்றில் அலுமினியத் தகடு வாங்கிப் போட்டார். பார்க்க அழகு. எடையும் குறைவு: ஒரு சதுர மீட்டருக்கு 3 மி.மீ. இரும்பு 23 கிலோவுக்கு மேல் வரும், 6 மி.மீ. அலுமினியமே 16 கிலோதான். ஆனால் இரண்டாவது வாடைக்காற்று சீசன் முடிவதற்குள் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூக்க ஆரம்பித்தது. விரலால் சுரண்டினால் அலுமினியம் மாவாக உதிர்ந்தது. ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போய், போல்ட் அதற்குள் ஆடிக்கொண்டிருந்தது. கடையில் கேட்டதற்கு, "நீங்க கடலுக்குள்ள ஓட்டியிருப்பீங்க" என்று பதில்.

அந்தத் தகட்டையே கையில் எடுத்துக்கொண்டுதான் கீழக்கரையிலிருந்து ஏர்வாடி போகிற ரோட்டில் உள்ள இந்தப் பட்டறைக்குப் போனேன். பெயர்ப் பலகை கிடையாது. வெளியே விசைப்படகு புரொப்பல்லர் ஒன்று சாய்த்து வைத்திருக்கும், அதுதான் அடையாளம். முக்கால்வாசி படகு வேலை: சுக்கான், ஷாஃப்ட், வின்ச். பட்டறைக்காரரை எல்லாரும் காக்கா (அண்ணன்) என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எஸ்.எஸ். போல்ட்டு, அலுமினியம் பிளேட்டு, நடுவுல உப்புத் தண்ணி. பேட்டரியே செஞ்சு மாட்டியிருக்காங்க தம்பி" என்றார். எஸ்.எஸ். என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டு உப்பு ஈரமும் சேர்ந்தால் ஒன்று இன்னொன்றைத் தின்னும், தின்னப்படுவது அலுமினியம். இதைப் படகில் தினமும் பார்க்கிறவர்.

அப்படியென்றால் படகுக்கு வைப்பது போல வண்டிக்கும், மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிந்துபோகிற ஒரு துத்தநாகக் கட்டி வைத்துவிடலாமே என்று கேட்டேன். சிரித்துவிட்டார். கட்டி வேலை செய்ய அது தண்ணீருக்குள் கிடக்க வேண்டும், வண்டி நிற்பது காற்றில். வண்டிக்குத் துத்தநாகம் வேண்டுமானால் பெயிண்டாகத்தான் இரும்பின் மேலேயே பூச வேண்டும். ஹாட் டிப் கால்வனைசிங்கையும் கேட்டுப் பார்த்தேன். 450 டிகிரிச் சூட்டில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் முக்கினால் இந்த மாதிரி மெல்லிசுத் தகடு நெளிந்து வரும், அப்புறம் ஓட்டைக்கு ஓட்டை சேராது என்று அதையும் தள்ளிவிட்டார்.

கடைசியில் முடிவானது இது. எஞ்சினுக்கு அடியில் 4 மி.மீ. இரும்பு, கியர் பாக்ஸுக்கும் நாலு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துவிடும் டிரான்ஸ்பர் கேஸுக்கும் சேர்த்து ஒன்று, டீசல் டேங்குக்கும் 3 மி.மீ., மேலே ஜிங்க் பிரைமர், அதன் மேல் எபாக்ஸி பெயிண்ட். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, அட்டையிலேயே முழுத் தகட்டையும் ஒரு தடவை செய்து பார்த்தார். ஒரு வேலைக்காரரை எடைபோட அந்த அரை மணி நேரம் போதும். ஒவ்வொரு இடத்திலும் விரலை விட்டு இடைவெளி பார்க்கிறார். சைலன்சர் பைப் பக்கம் வந்ததும் அட்டையை அகலமாக வெட்டி எறிந்தார். மூடினால் காய்ந்த புல்லும் பனஞ்சருகும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும், பைப் சூட்டில் தீப் பிடிக்கும் என்று காரணம் சொன்னார். டீசல் வண்டியில், அதுவும் புதிய புகை விதிப்படி வந்த பிஎஸ்6-இல், அந்தப் பைப் எவ்வளவு சூடேறும் என்பது தொட்டவர்களுக்குத் தெரியும்.

சேசிஸில் வெல்டு வைக்கவே மாட்டார். கம்பெனி விட்டிருக்கிற ஓட்டையிலும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரில் யு-கிளாம்ப் போட்டும்தான் தகட்டைத் தூக்குகிறார். வண்டியோடு சேர்த்து எங்காவது ஒரு பொட்டு வைக்க வேண்டியிருந்தாலும் பேட்டரி ஒயரைக் கழட்டிவிட்டுத்தான். போல்ட் எல்லாம் 10 மி.மீ., தலையில் 8.8 என்று உறுதித் தரம் அடித்தது. ஒவ்வொரு தலையைச் சுற்றியும் பைப்பில் அறுத்த வளையம் ஒன்றை வெல்டு செய்திருக்கிறார். கட்டையோ கல்லோ உரசினால் வளையத்தில்தான் உரசும், தலை சிதையாது, ஸ்பேனர் எப்போதும் பிடிக்கும். மூன்று தகடும் மீன் செதிள் மாதிரி, முன்னது பின்னதுக்கு வெளிப்பக்கமாக ஏறி நிற்கிறது. முன்னால் போகும்போது எதுவும் விளிம்பில் மாட்டாது. வேகமாக ரிவர்ஸ் வருகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது, அதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஓட்டைகள். ரெடிமேட் தகடு பார்த்தால் தட்டு மாதிரி நாலு பக்கமும் மடித்திருக்கும். ஈர மணல் உள்ளே போனால் அங்கேயே குடியிருக்கும். துருவுக்கு அதைவிட நல்ல விருந்து இல்லை. இவர் பின் விளிம்பை மடிக்கவே இல்லை, திறந்தே விட்டிருக்கிறார். தாழ்ந்த இடம் பார்த்து நீளநீளமாகக் காடி வெட்டியிருக்கிறார். முன்னாலிருந்து ஹோஸ் பிடித்தால் மணலும் பெட்டியிலிருந்து சொட்டிய ஐஸ் தண்ணியும் பின்னால் வழிந்து போய்விடும். கழுவுகிற தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும் என்பதுதான் நம் மாவட்டத்தில் சிக்கல். கரையோரத்து போர் தண்ணியில் கழுவுவதற்குக் கழுவாமலே விட்டுவிடலாம்.

வேலையில் குறை என்று பார்த்தால், வளைவுகள். அவரிடம் பெண்டிங் பிரஸ் இல்லை. கிரைண்டரில் பாதி ஆழத்துக்குக் கோடு இழுத்து, அடித்து வளைத்து, அந்தக் கோட்டை வெல்டால் மூடுகிறார். உறுதியாகத்தான் இருக்கிறது, ஆனால் வெல்டைத் தேய்த்த இடத்தில் பெயிண்ட் மெல்லிசாக நிற்கிறது. முதல் துரு அங்கேதான் தலை காட்டியது. காசு கூடப் போனாலும் பரவாயில்லை என்பவர்கள் தகட்டை ராமநாதபுரத்திலோ மதுரையிலோ பிரஸ்ஸில் வளைத்து எடுத்துவந்து கொடுக்கலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

போட்ட பிறகு ஒரு தடவை மாரியூர் பக்கம் மணல்மேட்டுக்குப் பின்னால் வண்டியைத் திருப்பும்போது கட்டை ஒன்றில் முழு எடையோடு இறங்கிவிட்டது. எடுத்துப் பார்த்தால் முன் தகட்டில் கையளவு பள்ளம், பெயிண்ட் போய் இரும்பு பளிச்சென்று தெரிந்தது. பள்ளத்துக்கும் சம்ப்புக்கும் நடுவே இன்னும் விரல் போகிற இடம் இருந்தது. அன்று மாலையே ஜிங்க் பெயிண்டைத் தடவிவிட்டேன். மெத்தென்ற மணலிலும் ஒரு லாபம்: அடி சமமாக இருப்பதால் கிராஸ் மெம்பர் மணலை வாராமல் வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. அதற்காக டயர் காற்றைக் குறைக்காமல் இறங்கிவிடாதீர்கள்.

எல்லாம் சேர்த்து 40 கிலோவுக்குப் பக்கம் கூடியிருக்கிறது, முன்பக்கம் லேசாக இறங்கினாற்போல் தெரிகிறது. பில் 14,800 ரூபாய், போல்ட் பெயிண்ட் உட்பட. முன்னால் புல் பாரும் (பம்பருக்கு முன்னே வைக்கும் இரும்புக் கம்பிச் சட்டம்) போட்டுத் தரச் சொன்னேன். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்குத் தடை சொல்லியாயிற்று, வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

போகிறவர்களுக்கு ஒன்று. வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தில், அந்தப் பக்கமே போகாதீர்கள். விசைப்படகெல்லாம் கரையேறி வேலைக்கு நிற்கும், காக்கா உங்கள் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஜூலையில் போனால் அட்டையை வெட்டவும் ஆளிருக்கும், டீயும் கிடைக்கும்.