செகிரோ: பாஸ் சண்டைக்காகவே வாங்கலாம்

செகிரோ 2019-ல் வந்த வாள்சண்டை வீடியோ கேம். விலை இறங்கின பிறகுதான் எனக்கு வாங்க மனசு வந்தது. பிள்ளைகள் தூங்கின பிறகு கன்ட்ரோலரை எடுக்கிறவன் நான். ஒரு பாஸ், அதாவது வழியை மறிக்கிற பெரிய எதிரி, சும்மா இழுத்தடித்தால் அன்றைய ராத்திரி போச்சு. அதனால் பாஸ் சண்டைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பல கேம்களில் பாஸ் சண்டையின் இரண்டாம் கட்டம் என்றால் அதே ஆள், கூடக் கொஞ்சம் வேகம், கொஞ்சம் நெருப்பு, இன்னொரு முழு ஹெல்த் பார் (உயிர் அளவைக் காட்டும் பட்டை). இங்கே கதை வேறு. அஷினா கோட்டை உச்சியில் கெனிச்சிரோ என்ற பாஸ் நிற்கிறான். முதல் இரண்டு உயிரும் போகும்வரை வாளும் வில்லும்தான். குத்த வந்தால் மிக்கிரி (அவன் ஆயுதத்தைக் காலால் மிதித்து அடக்குவது), காலை வாரினால் எகிற வேண்டும், மற்றதெல்லாம் டிஃப்ளெக்ட் (சரியான நேரத்தில் வாளால் தட்டிவிடுவது). எட்டப் போய் மருந்து குடிக்கப் பார்த்தால் அம்பு வரும்; ஓடி ஒளிகிற பழக்கத்தை அங்கேயே முறித்துவிடுகிறான். கதை முடிந்தது என்னும்போது கவசம் போய், மின்னலோடு எழுகிறான். பார்க்கப் பயங்கரம்தான். ஆனால் எகிறி, அந்தரத்தில் மின்னலை வாங்கி, கால் தரையில் படுமுன் வாளை வீசினால் அவன் மின்னல் அவனுக்கே.

காவல் குரங்கு என்ற இன்னொரு பாஸ் அதைவிடக் குறும்பு. தலையை வெட்டியதும் திரையில் வெற்றி எழுத்து விழும். கன்ட்ரோலரைக் கீழே வைக்கிற நேரம் பார்த்து, தலையைக் கையில் தூக்கிக்கொண்டு முண்டம் எழுந்து வரும்! அதுவரை விலகி விலகி ஓடிய ஆட்டம், அங்கிருந்து வாளோடு வாள் மோதுகிற ஆட்டமாகிவிடும்.

கடைசி பாஸ் இஷ்ஷின். முதலில் வாள், அடுத்து ஈட்டியும் கைத்துப்பாக்கியும். நடுக்கட்டம்தான் உயிரை எடுக்கும். மூன்றாவதில் மின்னலைக் கையில் எடுக்கிறார். எனக்கு அதைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது, திருப்பி அடிக்கத்தான் கோட்டை உச்சியிலேயே பழகியாச்சே. கடைசிக் கட்டம் முந்தினதைவிட லேசாக இருக்கலாம் என்று முடிவெடுக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

ஒரே எரிச்சல், இஷ்ஷினிடம் தோற்கும்போதெல்லாம் அவருக்கு முன்னால் திரும்பவும் வந்து நிற்கிற கெனிச்சிரோவை மறுபடி வெட்டிவிட்டு வர வேண்டும். புதிதாக அவனிடம் கற்க ஒன்றும் மிச்சமில்லை. எனக்கிருக்கிற நேரத்தில் அது வெறும் சுங்கவரி.

ஈஸி மோடு கிடையாது. கெனிச்சிரோ வரை விளையாடிப் பாருங்கள். அவனைப் பிடிக்கவில்லை என்றால் மிச்சமும் பிடிக்காது.